நடக்க முடியுது, நீந்த முடியல! பார்க்கின்சன் சிகிச்சையில் இப்படி ஒரு சிக்கலா?

நீச்சலும் சைக்கிளும் ஒருமுறை கத்துக்கிட்டா மறக்காதுன்னு சொல்வோம். ஆனா, மூளைக்குள் கருவி பொருத்திய பிறகு சிலருக்கு நீச்சல் வராமலே போயிருக்கிறது.

டிபிஎஸ்னா என்ன?

டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன் என்பதன் சுருக்கம்தான் டிபிஎஸ். மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்துவார்கள். நெஞ்சுப் பகுதியில் தோலுக்கு அடியில் இருக்கும் பேட்டரி கருவி, அவற்றுக்குத் தொடர்ந்து மின்துடிப்பு அனுப்பும். பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் 1987-ல் அலிம் லூயி பெனாபிட் குழு தொடங்கிவைத்த முறை இது. நோய் குணமாகாது, ஆனால் நடுக்கமும் விறைப்பும் நன்றாகக் குறையும்.

சூரிச்சில் என்ன நடந்தது?

டிபிஎஸ் செய்துகொண்ட 9 பேரைப் பற்றி, சுவிட்சர்லாந்தின் சூரிச் மருத்துவர்கள் 2019-ல் 'நியூராலஜி' இதழில் எழுதினார்கள். பார்க்கின்சன் வந்த பிறகும் நன்றாக நீந்தியவர்கள் இவர்கள். சிகிச்சைக்குப் பிறகு உடல் அசைவு மேம்பட்டது, நீச்சல் மட்டும் போய்விட்டது. உடம்பு தேறிய நம்பிக்கையில் 69 வயதுக்காரர் ஒருவர் ஏரியில் குதித்துவிட்டார். குடும்பத்தினர் மீட்டதால்தான் உயிர் பிழைத்தார்.

ஆஃப் பண்ணா சரியாகிடுமா?

3 பேருக்குக் கருவியை நிறுத்திப் பார்த்தார்கள். உடனே நீந்த முடிந்தது! ஆனால் நோயின் அறிகுறிகள் திரும்பியதால் மறுபடியும் ஆன் செய்ய வேண்டியதாயிற்று. கை, கால்களை ஒருங்கிணைக்கும் வேலையில் மின்தூண்டல் குறுக்கிடலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு.

ஏன் முன்பே தெரியவில்லை?

கிளினிக்கில் விரலைத் தட்டச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள். நீந்தச் சொல்லிப் பார்ப்பதில்லை. நோயாளி சொன்னால்தான் டாக்டருக்கே தெரியவரும். பேச்சு குழறுவது, மனச்சோர்வு, திடீர் வேகம் போன்ற மாற்றங்களும் அப்படித்தான். 'வயசாயிடுச்சு'ன்னு விட்டுடாதீங்க. மின்துடிப்பின் அளவை மாற்றியே பல சிக்கல்களைக் குறைக்கலாம்.

அப்போ என்ன செய்யணும்?

9 பேரை வைத்து இது எத்தனை பேருக்கு வரும் எனச் சொல்ல முடியாது. சிகிச்சையே வேண்டாம் என ஒதுங்கவும் தேவையில்லை. ஆனால் டிபிஎஸ் செய்தவர்கள் குளம், கடல், நீச்சல்குளம் எதுவானாலும் தனியாக இறங்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, நன்றாக நீந்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க, இடுப்பளவு தண்ணீரில் முதலில் சோதித்துப் பாருங்கள். கருவியை நீங்களாக ஆஃப் பண்ணாதீங்க.