மனோதத்துவப் பாடத்துக்கு ஏன் இந்தப் பூட்டு?

டில்லியிலுள்ள பல்கலைக் கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில் ஓர் உத்தரவு போட்டது. மனோதத்துவப் பட்டப் படிப்பை இனிமேல் இணையவழியிலோ தொலைதூரக் கல்வியிலோ நடத்தக் கூடாது; அந்தக் கல்வியாண்டு முதலே புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்பது உத்தரவு. நூற்பு மில்லில் ஷிப்டு பார்க்கிறவருக்கும் நாற்று நடப் போகிறவருக்கும் இதில் என்ன அக்கறை என்று தோழர்கள் கேட்கலாம். அக்கறை இருக்கிறது. நம் பிள்ளைகளில் சினிமாவும் கலையும் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். அவர்கள் தலையில்தான் இந்தப் பூட்டு விழுந்திருக்கிறது.

உத்தரவில் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். 2021-ல் பார்லிமெண்ட் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றியது. மனோதத்துவமும் அதற்குள் வருகிறது. நோயாளியை நேரில் கண்டு பழகாமல், அனுபவசாலிகளின் மேற்பார்வையில் பயிற்சி பெறாமல், தபாலில் வந்த புத்தகத்தை மட்டும் படித்தவர் மனநோய்க்குச் சிகிச்சை செய்யப் புறப்படக் கூடாது. வாஸ்தவம். அரைகுறைப் படிப்பாளியிடம் அகப்பட்டுச் சீரழிவது எப்போதும் ஏழைதான். இதில் நமக்கு மாறுபட்ட அபிப்பிராயம் கிடையாது.

ஆனால் அந்தக் காவல் ஏற்கனவே இருந்ததே! மனநோய்ச் சிகிச்சை நிபுணராகப் பதிவு பெற வேண்டுமானால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை நேரில் படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றாக வேண்டும் என்பது பழைய விதி. தபால்வழி எம்.ஏ. அந்த உரிமையை யாருக்கும் கொடுத்ததில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகத்திலும் சென்னைப் பல்கலைக் கழகத்தின் தொலைதூரப் பிரிவிலும் மனோதத்துவம் படித்தவர்கள் எல்லோரும் வைத்தியராகவா கிளம்பினார்கள்? உபாத்தியாயர், கடைச் சிப்பந்தி, வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக முடியாத பெண், சினிமாக் கம்பெனியில் உதவியாளாக இருக்கும் இளைஞர் என்று பலதரப்பட்டவர்களும் இப்படித்தான் படித்தார்கள். சிகிச்சை செய்யும் வாசலைக் காக்கிறோம் என்று சொல்லி, அறிவு பெறும் வாசலையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள்.

சினிமா படிக்கிறவனுக்கு மனோதத்துவம் எதற்கு, காமிராவைப் பிடிக்கத் தெரிந்தால் போதாதா என்பவர்களும் உண்டு. ருஷ்ய நாட்டில் புரட்சிக்குப் பின் 1919-லேயே மாஸ்கோவில் சர்க்கார் ஒரு சினிமாப் பள்ளியைத் திறந்தது. அங்கே பாடம் நடத்திய குலஷோவ் என்ற டைரக்டர் செய்த பரிசோதனை உலகப் பிரசித்தமானது. எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகனின் முகம். அதை அடுத்து ஒரு சூப்புத் தட்டைக் காட்டினால், பசியோடு பார்க்கிறான் என்கிறார்கள் ஜனங்கள். அதே முகத்துக்கு அடுத்து ஒரு சவப்பெட்டியைக் காட்டினால், துக்கத்தில் இருக்கிறான் என்கிறார்கள். முகம் ஒன்றுதான். பசியும் துக்கமும் பார்க்கிறவர் மனத்தில் உண்டானவை! புடோவ்கின் என்ற மற்றொரு டைரக்டர் 1926-ல் பாவ்லோவின் ஆராய்ச்சியைப் பற்றியே ஒரு படம் எடுத்தார். மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் படம் எடுக்க முடியாது என்பதை அவர்கள் அன்றைக்கே உணர்ந்திருந்தார்கள்.

அவர்கள் மட்டுமல்ல, முதலாளிகளும் உணர்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் வாட்சன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1920-ல் பல்கலைக் கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? ஒரு பெரிய விளம்பரக் கம்பெனி! மனிதர்களின் பயத்தையும் ஆசையையும் தூண்டிச் சரக்கு விற்கும் கலைக்கு அவருடைய சாஸ்திரம் பயன்பட்டது. இன்றைக்கு நம் பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் செல்போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறானே, அதற்குப் பின்னாலும் மனோதத்துவம் படித்த மூளைகள் கூலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவர்கள் இந்தப் படிப்பைத் தேடித் தொலைதூரக் கல்விக்கு வர வேண்டியதில்லை. பணம் இருக்கிறது, நேரிலேயே படிப்பார்கள். நம்மை மயக்குகிற வித்தை அவர்களுக்கு உண்டு. அந்த மயக்கத்தை நமக்கு விளக்கிச் சொல்லக் கூடிய கலைஞனுக்கு மட்டும் கதவடைப்பா?

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கீழச்சிவல்பட்டி சினிமாவுக்குப் புதிய சீமை அல்ல. மின்சாரத் தட்டுப்பாட்டினால் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சென்னையை விட்டுக் காரைக்குடிக்கு வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்த காலம் உண்டு. 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். 1948-ல் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் செட்டிநாட்டு வீடுகளைத் தேடிப் படக் கம்பெனிகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் படத்தில் வருகின்றன. விளக்குத் தூக்கியவனும், வெயிலில் கும்பலாக நின்றவனும் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவன், ‘நானும் ஒரு கதை எடுப்பேன்’ என்று நினைத்தால் என்ன வழி? சென்னை தரமணியில் சர்க்கார் நடத்தும் எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் இருக்கிறது. 1945-ல் தொடங்கிய பழமையான பள்ளி, நமக்குப் பெருமைதான். ஆனால் இங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர்! இடங்களோ கொஞ்சம். மற்றவை தனியார் கல்லூரிகள்; அவர்கள் கேட்கும் கட்டணத்தை ஒரு மில் தொழிலாளி வருஷம் முழுதும் உழைத்தாலும் கட்ட முடியாது.

மனத்தைப் பற்றித் தெரியாமல் எடுக்கும் படத்தால் யாருக்கு நஷ்டம்? 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. உள்ளே மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். பேய் பிடித்துவிட்டது, தர்காவில் வைத்தால் தீரும் என்று நம்பி அழைத்து வந்தவர்கள் கொடியவர்கள் அல்ல. நம்மைப் போன்ற ஏழை ஜனங்கள். வேறு வழி யாரும் காட்டாதவர்கள். தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-ல் நடந்தபோது, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றும் தெரிந்தது. படிக்காத கிராமத்துக்கு இதையெல்லாம் சொல்லக் கூடிய வலுவான சாதனம் சினிமா. அது என்ன செய்தது? ஏர்வாடி எரிந்து நாலு வருஷம் கழித்து 2005-ல் ‘சந்திரமுகி’ வந்தது. கதாநாயகர் மனநோய் மருத்துவர். நோயைத் தீர்ப்பதோ பேயோட்டுகிற நாடகம்! கொட்டகையை விட்டு வெளியே வந்தவர் மனத்தில் மருத்துவர் நின்றாரா, மந்திரவாதி நின்றாரா? ‘பைத்தியம்’ என்று ஒருவனைக் காட்டிச் சிரிக்க வைக்கும் காட்சிகளுக்கோ நம் படங்களில் கணக்கில்லை. எடுத்தவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு எடுத்தார்கள் என்று சொல்லவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இணையவழிப் பாடம் சர்வரோக நிவாரணி என்று நாம் வாதாடவில்லை. 2020-ல் கொரோனாவின்போது பள்ளி, கல்லூரிகளை மூடிவிட்டு, ‘செல்போனில் படியுங்கள்’ என்றார்கள். ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகளை நாம் அறிவோம். நடிப்புப் படிக்கும் பெண் தன் முகத்தில் துக்கத்தைக் கொண்டுவரும்போது, அது அவளையே எவ்வளவு தூரம் இழுத்துப் போகிறது என்பதை உபாத்தியாயர் பக்கத்தில் இருந்துதான் பார்க்க வேண்டும். சின்னத் திரையில் தெரியாது. ஆனால் ஞாபகம் என்பது என்ன, கவனம் எப்படித் திரும்புகிறது, கும்பலில் மனிதன் ஏன் மாறிப் போகிறான், தற்கொலையைத் திரையில் எப்படிக் காட்டினால் ஆபத்து என்பதையெல்லாம் இணையவழியில் தாராளமாகக் கற்பிக்கலாம். அன்றைக்கு எல்லாப் பாடத்துக்கும் போன் போதும் என்றவர்கள், இன்றைக்கு இந்தப் பாடத்துக்கு மட்டும் போனே கூடாது என்கிறார்கள்! மத்திய சர்க்காரின் ‘சுவயம்’ தளத்தில் மனோதத்துவப் பாடங்கள் தனித்தனியாகக் கிடைக்கின்றன என்று பதில் வரும். கிடைக்கின்றன. பெரும்பாலும் இங்கிலீஷில்!

ஆகவே நாம் கேட்பது இதுதான். சிகிச்சைக்கான படிப்பு வேறு, கலைக்கும் பொது அறிவுக்குமான படிப்பு வேறு என்று மானியக் குழு பிரித்து, பின்னதற்குத் தடையை நீக்க வேண்டும். அதுவரை மாநில சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தரமணி நிறுவனம் சினிமா மனோதத்துவத்தைப் பட்டம் இல்லாத பொதுப் பாடமாகத் தமிழில் பதிவு செய்து, கட்டணம் இல்லாமல் வெளியிடலாம். காரைக்குடியில் 1985 முதல் அழகப்பா பல்கலைக் கழகம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நேர்முக வகுப்பு வைக்கலாம். மில்லுக்கும் வார விடுமுறை அன்றைக்கு இருந்தால் நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் வருவார்கள்.