ஹார்ட் லிங்க் காலாவதியாகவில்லை

"சிம்பாலிக் லிங்க் இருக்கும்போது ஹார்ட் லிங்க் எதற்கு?" என்று கேட்பவர்கள், இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக நினைக்கிறார்கள். தவறு.

யூனிக்ஸில் கோப்பின் விவரங்கள் ஐநோடு என்ற தரவமைப்பில் இருக்கின்றன. பெயர் அதைச் சுட்டும் பதிவு மட்டுமே. ஹார்ட் லிங்க் அதே ஐநோடுக்கு இன்னொரு பெயர். அசல், நகல் என்ற பேதமே அங்கில்லை. ஒரு பெயரை அழித்தால் இணைப்பு எண்ணிக்கையில் ஒன்று குறையும், அவ்வளவுதான். சிம்பாலிக் லிங்கோ வெறும் பாதையைத்தான் வைத்திருக்கிறது. அசலை நகர்த்தினால் அந்தரத்தில் நிற்கும்.

வேறு பார்ட்டிஷனில் உள்ள கோப்புக்கு ஹார்ட் லிங்க் போட முடியாது. கோப்புறைகளுக்கும் பொதுவாக முடியாது. உண்மைதான். ஆனால் 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் சிம்பாலிக் லிங்கைத் தந்தபோதும் ஹார்ட் லிங்கை நீக்கவில்லையே!

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலின் 'லிங்க்-டெஸ்ட்' (--link-dest) வசதியைப் பாருங்கள். மாறாத கோப்புகளை மறுபடி நகலெடுக்காமல், முந்தைய பேக்கப்பிலிருந்து ஹார்ட் லிங்க் போடுகிறது. திங்கட்கிழமை பேக்கப்பை அழித்தாலும் செவ்வாய்க்கிழமை பேக்கப் முழுசாக இருக்கும். அங்கே சிம்பாலிக் லிங்க் இருந்தால், திங்களோடு செவ்வாயின் மாறாத கோப்புகளும் போய்விடும்.

கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்ட சிம்பாலிக் லிங்க். கோப்பு அழியாமல் காக்க ஹார்ட் லிங்க். தேவையறிந்து தேர்ந்தெடுங்கள், ஒன்றை ஒழித்துக்கட்டச் சொல்லாதீர்கள்.