80 வேண்டாம், 40 போதும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. "எந்த சென்டர்ல வாங்கற? எவ்வளவு ஆச்சு?" இதுதான் ஹாஸ்டல் முழுக்கப் பேச்சு. காசை எடுத்து நீட்டுறதுக்கு முன்னாடி, வீட்டு பீரோவைக் கொஞ்சம் திறந்து பாருங்க. அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த பழைய லேப்டாப் அங்கே தூங்கிட்டு இருக்கலாம். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் என்றால் டிரைவர் கோடு பெரும்பாலும் திறந்தே கிடக்கும். நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து படிச்சிருக்கோம்?

டச்பேடை மட்டும் எடுத்துக்குவோம். பழைய லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது பிஎஸ்/2 வழியாகப் பேசும் சினாப்டிக்ஸ் டச்பேட். விரல் பட்டதும், வேகமான மோடில் அது நொடிக்கு 80 பாக்கெட் அனுப்பும். ஒரு பாக்கெட்டுக்கு 6 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு இன்டரப்ட். ஆக, நொடிக்கு 480 தடவை பிராசஸரைக் கூப்பிடுது. திண்டிவனத்தில் பஸ் ஏறினதிலிருந்து பக்கத்து சீட் குழந்தை "விழுப்புரம் வந்துடுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே வர்ற மாதிரிதான்.

சில தோஷிபா லேப்டாப்களின் கீபோர்டு கன்ட்ரோலர் இந்த வேகத்தைத் தாங்காமல் திணறியது. லினக்ஸ் டிரைவரில் அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த மாடல்களின் பெயரை ஒரு சின்னப் பட்டியலில் போட்டார்கள். மெஷின் பெயர் அதில் இருந்தால் வேகம் 40. அவ்வளவுதான். 480 இன்டரப்ட் 240 ஆச்சு. டச்பேடின் மோடு பைட்டில் ஒரே ஒரு பிட்தான் மாறுது.

இதில் எனக்குப் பிடித்தது, எல்லாருடைய டச்பேடையும் மெதுவாக்கவில்லை என்பதுதான். கஷ்டப்படும் மெஷினுக்கு மட்டும் அமைதியான மோடு. நல்லா ஓடுறதைத் தொடவே இல்லை. இன்ஜினியரிங் என்பது இதுதானே?

"இவ்வளவு சின்ன வேலைக்கு யார் மார்க் போடுவாங்க?" என்று கேட்பீங்க. செய்து பாருங்க, சின்னதா இல்லையா என்று தெரியும். இன்டரப்ட் 12-இன் கணக்கை எடுங்க. பிஎஸ்மவுஸ் டிரைவரின் 'ரேட்' ஃபைலில் 40 என்று எழுதி, மறுபடி எடுங்க. கர்சர் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியுதா என்று நாலு பேரிடம், எது எந்த மோடு என்று சொல்லாமல் கேளுங்க. புது லேப்டாப் என்றால் இணைப்பும் டிரைவரும் வேற. அங்கே மல்டிடச் டிரைவரில் லேட்டன்ஸி மோடு என்ற ஒன்று இருக்கு, அதைப் படிங்க. வைவாவில் "இந்த லைன் எதுக்கு?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டில் அது இருக்காது.

துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊர்க் கல்லூரிகளிலும், ஒரு டிரைவரை அளந்து திருத்துவதை முழு ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் கேட்க ஆளில்லை என்றும் சொல்ல முடியாது, விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கு.

மத்தபடி, லேப்டாப் உங்க வீட்டிலேயே இருக்கு. சார்ஜர் எங்கே இருக்குன்னு மட்டும் அம்மாகிட்ட கேளுங்க.