மில் சுவரில் தொங்கும் பழைய தீயணைப்பான்... லேபிளில் 'ஹாலான்' என்று இருக்கா?

ராஜபாளையம் நூற்பாலையோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையோ, சுவரில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் தொங்கும். ஆயுத பூஜைக்குத் துடைத்து பொட்டு வைப்பதோடு சரி, லேபிளை யாரும் படிப்பதில்லை. பழைய சிலிண்டர் என்றால் படித்தே ஆக வேண்டும்.

ஹாலான் 1211, 1301 இரண்டும் தீயை நொடியில் அடக்கும். ஈரமாக்காது, தூள் படியாது. மெஷின், கம்ப்யூட்டர் அறைகளில் இவை இடம்பிடித்தது அதனால்தான். சிக்கல், உள்ளே இருக்கும் புரோமின். மேலே போய் ஓசோனைச் சிதைப்பதில் சி.எஃப்.சி-11 வாயுவைவிட ஹாலான் 1301 சுமார் 10 மடங்கு மோசம்.

1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2000-ல் ஓசோனைச் சிதைக்கும் பொருட்களுக்கான கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2010-க்குள் வளரும் நாடுகளும் ஹாலான் உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்பது ஒப்பந்தக் கெடு. மீதமிருக்கும் பழைய இருப்பு, விமானம், ராணுவம் போன்ற மாற்று கிடைக்காத இடங்களுக்குத்தான்.

அப்போ மில்லுக்குப் பாதுகாப்பு குறையுமா? இல்லை. பஞ்சுப் பொதிக்குள் கனன்றுகொண்டே இருக்கும் தீயை ஹாலான் முழுசா அணைக்காது. அதுக்குத் தண்ணீர்தான் சரி. மின் பேனலுக்கு கார்பன் டை ஆக்சைடு போதும்.

'கிளீன் ஏஜென்ட்' என்று விற்பதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். எச்.சி.எஃப்.சி. வகை என்றால் அதுவும் ஓசோனைப் பாதிக்கும். 2030-க்குள் பெரும்பாலும் விலக்கப்பட வேண்டியது.

பழைய ஹாலான் சிலிண்டரைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று திறந்துவிடாதீங்க, பழைய இரும்புக் கடையிலும் போடாதீங்க. வாயுவை மீட்டெடுக்கும் வசதி இருக்கான்னு கேட்டு, அப்படிப்பட்ட சர்வீஸ் நிறுவனத்திடம் மட்டும் கொடுங்க.