ஸ்பிரே பேணியைத் தூக்குமுன்

மாரி இறங்கியதும் எங்கள் ஊர்க் கடைகளில் நுளம்புத்திரிக்குப் பக்கத்தில் பூச்சி ஸ்பிரே பேணிகளும் ஏறிவிடும். வாவியோரக் குருக்கள்மடத்து வீடுகளுக்குள் அந்த நாட்களில் என்னென்னவோ வருவது உண்மைதான். கார்த்திகையில் வளவு முழுக்கத் தண்ணீர் நின்றால், மண்ணிலும் வேலியிலும் குடியிருந்தவை எங்கே போகும்? அம்பிளாந்துறைப் பாதையில் ஏறி வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்கா போகும்? அங்கேயும் வெள்ளந்தானே. எங்கள் வீட்டு முகட்டுக்கும், சாமிப் படத்துக்குப் பின்னாலும், கதவு நிலைக்கும்தான் வரும்.

வந்தது யாரென்று பார்க்காமலே அடிக்கிறோம் என்பதுதான் என் குறை. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் பக்கத்து வீடுகளில் பூச்சி கண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் நான் போகுமுன்னே கதை முடிந்திருக்கும்.

ஒருமுறை முடியவில்லை. குசினி மூலையில் நீலப்பச்சையாக மினுங்கும் குளவி ஒன்று, தன்னைவிடப் பெரிய கரப்பொத்தானை மீசையில் பிடித்து நடத்திக்கொண்டு போனது. இழுத்துப் போகவில்லை, நடத்தித்தான் போனது. கரப்பொத்தான் தன் கால்களாலேயே பின்னால் போனது. வீட்டுக்காரி பேணியோடு நின்றாள்.

"டீச்சர், மறுகா பிள்ளைக்குக் கொத்திச்செண்டா ஆரு பாக்கிற?"

"பிடிச்சு நசுக்காட்டிக் கொத்தாதுகா. அது உன்ட கரப்பொத்தானத் தேடித்தான் வந்திருக்கு."

இந்தக் குளவியின் தொடைகள் சிவப்பு. முதலில் கரப்பொத்தானின் நெஞ்சில் கொத்தி முன்னங்கால்களைச் சற்று நேரம் செயலிழக்கச் செய்யும். இரண்டாவது கொத்து தலைக்குள், மூளைக்கே போகும். அதோடு கரப்பொத்தானுக்கு ஓட வேண்டுமென்ற எண்ணமே அற்றுவிடும். பிறகு ஒரு பொந்துக்குள் கூட்டிப்போய், அதன் காலில் ஒரு முட்டையை ஒட்டி, வாசலைச் சிறு கல்லாலும் குப்பையாலும் அடைத்துவிடும். பொரித்து வரும் புழுவுக்கு அந்தக் கரப்பொத்தான்தான் சாப்பாடு. 1941இல் பிரான்சிஸ் வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் கரப்பொத்தானைக் குறைக்க இந்தக் குளவியை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார். ஊரையே சுத்தமாக்கிவிடவில்லை. ஒரு குளவி பிடிக்கக்கூடியது கொஞ்சம்தான். ஆனாலும் கூலி கேளாமல் வேலை செய்வதை நாமே ஏன் கொல்ல வேண்டும்?

இன்னொன்று கறுப்பாக, சிறிதாக, சுவரில் பதற்றத்தோடு நடந்து திரியும். வயிறு குட்டிக் கொடிபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அது வந்திருந்தால் அலுமாரிக்குப் பின்னால் கரப்பொத்தான் முட்டைக்கூடு இருக்கிறதென்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டுக்குள்தான் தன் முட்டையை இடும். பொரிக்கும் ஒரே புழு உள்ளே உள்ள முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். மனிதரைக் கொத்துவதில்லை. ஸ்பிரே அடித்தால் முதலில் சாவது வெளியே நடமாடும் இதுதான். கரப்பொத்தான் முட்டைகளுக்கு அவற்றின் தடித்த உறையே கவசம்.

கதவு நிலையில் மண்கூடு கட்டும் குளவியைப் பழைய ஆட்கள் கலைக்க விடமாட்டார்கள். கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. பிள்ளை பிறந்ததோ இல்லையோ, கூடு தப்பியது. வெறுமையான பழைய கூடு என்று நினைத்து வகுப்பில் ஒன்றை உடைத்துக் காட்டியிருக்கிறேன்: உள்ளே உயிரோடு மயங்கிக் கிடந்தன சின்னச் சிலந்திகள். இங்கே ஒரு சிக்கலும் உண்டு, மறைக்கமாட்டேன். சிலந்தியும் நமக்கு நல்லதுதானே! சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து நிற்கும், வலை கட்டாத பெரிய சிலந்தி இரவில் கரப்பொத்தான் வேட்டையாடுகிறது. ஒருவரின் நண்பரை இன்னொருவர் தின்கிறார். சிறு பானைபோல் கூடு வனையும் குளவியோ மயிர்க்கொட்டிகளையும் புழுக்களையும் பிடித்து அடைக்கிறது. களுதாவளைத் தோட்டக்காரர் அதை விரட்டினால் நட்டம் அவர்களுக்கே.

குளவி என்றதும் பயப்படுவதில் நியாயம் இல்லாமலில்லை. மலையகத்தில் குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலைக்குப் போன செய்தி அடிக்கடி வருகிறது. அவை கூட்டமாக வாழ்பவை, கூட்டைக் காக்கத் திரண்டு வருபவை. கடதாசிபோன்ற கூட்டில் பல குளவிகள் போய்வந்தால் பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், தெரிந்தவர்களைக் கொண்டு அகற்றுங்கள். மண்கூட்டில் இருப்பது தனி ஒருத்தி. அவளுக்குக் காக்கப் படையும் இல்லை, நம்மோடு சண்டைக்கு நேரமும் இல்லை.

வயலில் நல்லது, வீட்டில் தொந்தரவு என்ற வகையும் இருக்கிறது. வேளாண்மைக் காலத்தில் இரவு விளக்குக்கு வரும் ஒல்லிப் பூச்சி, செம்மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி, எறும்பின் சாயல். வட்டையில் அது அறக்கொட்டியானைத் தின்கிறது. கழுத்தில் ஊர்கையில் நசுக்கினால் மட்டும் அதன் உடல்நீர் பட்டுத் தோல் கொப்பளிக்கும். மறுநாள் சிலந்தி மூத்திரம் பெய்துவிட்டது என்று சிலந்தியைத் திட்டுவோம். தட்டாதீர்கள், ஊதிவிடுங்கள். படுக்கும் அறையில் விளக்கை அணைத்தால் அது வரவும் மாட்டாது.

நுளம்பு விடயத்தில் எனக்கு இரக்கமில்லை. 2017இல் இந்த நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு. எங்கள் மாவட்டத்தில் அது மாரியோடுதான் ஏறும். ஆனால் சிரட்டையிலும் ரயரிலும் நிற்கும் தண்ணீரைக் கொட்டாமல் அறைக்குள் ஸ்பிரே அடிப்பதால் குடம்பி சாகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வதும் அதுதான்.

கனடாவிலிருக்கும் தங்கையின் மகள் ஒக்டோபரில் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். யன்னல் மூலையில் புள்ளி வைத்த சிவப்பு வண்டுகள் கும்பலாக. "பெரியம்மா, மருந்து அடிக்கவா?" என்று கேட்டாள். அழுக்கணவனைத் தின்னட்டும் என்று ஆசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோன வண்டினம் அது. பனிக்காலம் கழியச் சுவரிடுக்கில் ஒதுங்கும், சாப்பாட்டைத் தொடாது, வீட்டுக்குள் பெருகாது. நசுக்கினால் மஞ்சள் நீர் கக்கி நாறும். தும்புத்தடியால் மெல்லக் கூட்டி வெளியே விடச் சொன்னேன். யன்னல் இடுக்கை அடைத்தால் அடுத்த வருடம் குறையும். அங்கே பனி, இங்கே மாரி. ஒதுங்கும் காரணம் ஒன்றுதான்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. டெங்குத் துண்டுப்பிரசுரத்தோடு, வீட்டுக்குள் வரும் பூச்சிகளின் படமும் தமிழ்ப் பெயரும் போட்ட இன்னொரு தாளையும் சுகாதாரத் திணைக்களமும் விவசாயத் திணைக்களமும் சேர்ந்து வீடு வீடாகக் கொடுக்கட்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, தயாரிக்க ஆள் தேட வேண்டியதில்லை. அந்தத் தாள் வரும்வரை, தெரியாத ஒன்றைச் சுவரில் கண்டால் தொலைபேசியில் படம் எடுத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அவர் பதில் சொல்லும்வரை பேணியைத் தொடாதீர்கள்.