குழந்தைக்கு முதல் ஆர்சி டிரக் வாங்கப் போறீங்களா? முதல்ல ஆக்சில் விலையைக் கேளுங்க

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, டாக்ஸ் ரிஜீமும் இல்ல. பொம்மை வண்டி. "சிஏ படிச்சுட்டு பொம்மை விக்கக் கிளம்பிட்டியா?"ன்னு கேக்கறவங்க பேட்டரி பத்தின பகுதி வரைக்குமாவது படிங்க. மாசச் சம்பளக்காரன் பணம் எப்படிக் கசியுதுன்னு காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

ஆர்சின்னா வண்டியோட ஆர்சி புக் இல்ல, ரேடியோ கன்ட்ரோல். கையில ரிமோட், தரையில பெரிய டயர் போட்ட டிரக். மண்ணு, கல்லு, படிக்கட்டு எல்லாத்துலயும் ஏறும். குழந்தைக்கு ஆறு ஏழு வயசு ஆனதும் அப்பாக்களுக்கு இந்த ஆசை வந்துடுது. (அம்மாக்களுக்கும் வருது. ஆனா நான் பார்த்த வரைக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு ரிவ்யூ வீடியோ பார்க்கறது அப்பாக்கள்தான்.)

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வாங்கினா ஆயிரம் ரூபா ரேஞ்சில சாதாரண பொம்மை வாங்குங்க. இல்லைன்னா உதிரி பாகம் தனியா கிடைக்கற டிரக்கா வாங்குங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல மூவாயிரம் நாலாயிரத்துக்கு, பெரிய பெட்டியில, எல்.ஈ.டி. லைட்டும் புகையும் விட்டுட்டு வருதே, அதைத் தொடாதீங்க. இருக்கறதுலயே மோசமான செலவு அதுதான்.

ஏன்னு கேட்டா, ஆர்சி டிரக் உடையறதுக்காகவே இருக்கற பொருள். குழந்தை ஓட்டினாலும் உடையும், நீங்க ஓட்டினாலும் உடையும். சுவத்துல மோதினா முன் சக்கரத்தைத் திருப்பற சர்வோவுக்குள்ள இருக்கற கியர் பல் போகும். கல்லுல ஏறினா ஆக்சில் வளையும். வேகமா முன்னாடி போயிட்டிருக்கும்போதே ரிவர்ஸ் அமுக்கினா (எல்லாக் குழந்தையும் அமுக்கும்) மோட்டார் பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் கியர் தேஞ்சு போகும். இதெல்லாம் தரக்குறைவு இல்ல, விளையாட்டோட இயல்பு. உடைஞ்ச பிறகு என்ன நடக்குதுங்கறதுதான் கேள்வி.

நடு ரேஞ்சு வண்டிகள் நிறைய இருக்கு, அதுல மோட்டாரைக் கட்டுப்படுத்தறது, சிக்னல் வாங்கறது, சக்கரம் திருப்பறது எல்லாமே ஒரே சர்க்யூட் போர்டு. ஒண்ணு போனா எல்லாம் போச்சு. அந்த போர்டு தனியா விக்காது. வித்தவர்கிட்ட கேட்டா "புதுசு வாங்கிக்கோங்க சார்"ம்பார். ஹாபி கிரேடுன்னு சொல்ற வண்டிகள்ல ரிசீவர் தனி, மோட்டார் கன்ட்ரோலர் தனி, சர்வோ தனி, மோட்டார் தனி. போனதை மட்டும் கழட்டி மாத்தலாம்.

உதிரி பாகத்துக்கு நல்ல உதாரணம் ஜப்பான்ல இருக்கு. டமியா கம்பெனி 1987-ல லஞ்ச் பாக்ஸ்னு ஒரு மான்ஸ்டர் டிரக் வெளியிட்டது. மஞ்சள் வேன் மாதிரி பாடி, குண்டு டயர். அதையே 2005-ல மறுபடியும் கொண்டு வந்தாங்க. அது கிட்டாத்தான் வரும், நாமதான் ஸ்குரு போட்டு அசெம்பிள் பண்ணணும். தானே பூட்டின வண்டியைக் கழட்ட யாரும் பயப்பட மாட்டாங்க. ஆனா முதல் வண்டிக்கு ஏழு வயசுக் குழந்தை கையில கிட் கொடுக்கச் சொல்ல மாட்டேன். பத்து பன்னிரண்டு வயசுன்னா, லீவு நாள்ல கூட உக்கார நேரம் இருந்தா, அதுக்கு ஈடே இல்ல.

சரி, கணக்குக்கு வருவோம்

கீழ வர்ற விலையெல்லாம் கணக்குப் போட நான் எடுத்துக்கிட்ட எண்கள். நீங்க பார்க்கற வண்டியோட விலையைப் போட்டுக்கோங்க, முறை ஒண்ணுதான்.

ஆயிரம் ரூபா பொம்மை. ரெண்டு மாசம் ஓடும்னு வெச்சுக்கோங்க. வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் எட்டு மணி நேரம். மணிக்கு 125 ரூபா. தப்பே இல்ல.

3,500 ரூபா வண்டி. அதுவும் எட்டாவது வாரத்துல போர்டு போச்சுன்னா மணிக்கு 437 ரூபா. மாலில் ஒரு சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்கற காசு.

8,000 ரூபாய்க்கு உதிரி பாகம் கிடைக்கற டிரக். ரெண்டாவது பேட்டரி 1,200. மூணு மாசத்துக்கு ஒருமுறை பார்ட்ஸுக்கு 300, ரெண்டு வருஷத்துக்கு 2,400. மொத்தம் 11,600. மாசம் மூணு வாரம், ஒரு மணி நேரம்னு வெச்சா 72 மணி நேரம். மணிக்கு 161 ரூபா.

இங்க நியாயமா ஒரு கேள்வி வரும். "குழந்தைக்கு ஆறே மாசத்துல சலிச்சுப் போச்சுன்னா?" சலிக்கலாம். அப்ப 18 மணி நேரத்துக்கு 9,800 செலவு, மணிக்கு 544. நடு ரேஞ்சு வண்டியை விட மோசம். ஆனா ஓடற நிலையில இருக்கற ஹாபி கிரேடு வண்டிக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்க ஆள் உண்டு. நாலாயிரத்துக்கு வித்தாலும் மணிக்கு 322-க்கு இறங்கிடும். அதனால பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீங்க. போர்டு போன 3,500 ரூபா வண்டியோட ரீசேல் மதிப்பு என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

குழந்தைக்கு இதுல ஆசை இருக்கான்னே தெரியாதவங்க என்ன பண்ணலாம்னா, அந்த ஆயிரம் ரூபா பொம்மையையே சோதனையா வாங்குங்க. அது உடைஞ்ச பிறகு குழந்தை அழுதா, "எப்ப ரிப்பேர் பண்ணுவே"ன்னு பத்து தடவை கேட்டா, அடுத்தது நல்லதா வாங்கலாம். கேக்கலைன்னா ஏழாயிரம் மிச்சம்.

வெளிநாட்டு ரிவ்யூ பார்த்து விலை முடிவு பண்ணாதீங்க

அமெரிக்க யூடியூபர் "வெறும் நூத்தம்பது டாலர்தான்"னு ஒரு வண்டியைக் காட்டுவார். நாம உடனே ரூபாயில பெருக்கி மனசுல ஒரு விலை வெச்சுக்குவோம். அப்புறம் இங்க விலையைப் பார்த்துட்டு "கொள்ளையடிக்கறாங்க"ம்போம். கொஞ்சம் பொறுங்க. பொம்மை மேல இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023 பட்ஜெட்ல 70 ஆச்சு. அதுக்கு மேல எலக்ட்ரானிக் பொம்மைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 100 ரூபா சரக்குன்னா 170, அதுக்கு 18 சதவீதம் போட்டா 200 ரூபா 60 காசு. மத்த செலவு, கடைக்காரர் லாபம் எதையும் இன்னும் சேர்க்கல. உள்நாட்டுத் தயாரிப்பை வளர்க்கத்தான் இந்த வரின்னு அரசு சொல்லுது. அது சரியா தப்பாங்கறது தனி வீடியோ.

இன்னொரு விஷயம். 2021 ஜனவரி 1-ல இருந்து இங்க விக்கற பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பொம்மைன்னா 14 வயசுக்குக் கீழ உள்ளவங்க விளையாடறதுக்கானதுன்னு அந்த ஆணை சொல்லுது. ஹாபி கிரேடு வண்டிகள் பலதுல "14 வயசுக்கு மேல்"னு அச்சடிச்சிருப்பாங்க. அப்படின்னா ஏழு வயசுக் குழந்தைக்கு வாங்கவே கூடாதான்னு கேட்டா, வாங்கலாம், ஆனா அதைக் கையில கொடுத்துட்டு நீங்க போன் பார்க்க முடியாதுன்னு அர்த்தம். பக்கத்துல பெரியவங்க இருக்கணும். அந்த நேரம் உங்ககிட்ட இல்லைன்னா ஐஎஸ்ஐ போட்ட ஆயிரம் ரூபா பொம்மைதான் உங்களுக்கு சரி. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

வேகம் வேண்டாம்

பெட்டியில "50 கிமீ வேகம்"னு போட்டிருந்தா அதைக் கீழ வெச்சுடுங்க. வேகம் ரெண்டு மடங்கானா மோதற ஆற்றல் நாலு மடங்கு. ஒண்ணரைக் கிலோ வண்டி அந்த வேகத்துல கணுக்கால்ல அடிச்சா எலும்புக்கே ஆபத்து. அபார்ட்மென்ட் பார்க்கிங்ல பக்கத்து வீட்டுக்காரர் கார் நிக்குது, அதுல ஒரு கீறல் விழுந்தா டிரக் விலையை விட அதிகம் கட்டணும்.

முதல் டிரக்குக்கு நான் சொல்றது கிராலர் வகை. நாம நடக்கற வேகத்துலதான் போகும், ஆனா கல்லு மேல, வேர் மேல, சோபா குஷன் மேல ஏறும். டபிள்யூபிஎல், எம்என் மாதிரி சைனா பிராண்டுகள்ல 1/16, 1/12 அளவுல லாரி, ஜீப் வடிவத்துல வருது. டிராக்ஸஸ் கம்பெனி 1/18 அளவுல டிஆர்எக்ஸ்-4எம்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. 2022-ல அமெரிக்காவுல அது வந்தப்ப விலை சுமார் 150 டாலர். மெதுவா போறதால உடையறது குறைவு. மழைநாள்ல வீட்டுக்குள்ளேயே புத்தகத்தை அடுக்கி மலை கட்டி ஏத்தலாம். வேகமா ஓடற வண்டிக்கு கிரவுண்டு வேணும். சென்னையில காலி கிரவுண்டைத் தேடிப் போற பெட்ரோல் செலவை நான் மேல கணக்குலயே சேர்க்கல.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸான்னு பாருங்க. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வண்டி ரெண்டு ஒரே இடத்துல ஓடினா ஒருத்தர் ரிமோட்டுக்கு இன்னொருத்தர் வண்டி திரும்பும். அண்ணன் தங்கச்சி இருக்கற வீட்ல அன்னிக்கு மகாபாரதம்தான். அப்புறம் ஸ்டியரிங். கொஞ்சமா திருப்பினா கொஞ்சமாத் திரும்பணும். முழு இடது, முழு வலது மட்டும்தான்னா அது பொம்மை ரகம், அதுக்குப் பொம்மை விலைதான் கொடுக்கணும்.

பேட்டரியிலதான் பலருக்கும் பட்ஜெட் உதைக்கும். 1,200 எம்ஏஎச் பேட்டரி, மோட்டார் சராசரியா 4 ஆம்பியர் இழுத்தா, 18 நிமிஷம் ஓடும். கூட வர்ற யூஎஸ்பி சார்ஜர் 500 மில்லிஆம்பியர்னா திரும்ப ஏற ரெண்டரை மணி நேரம் ஆகும். ஞாயித்துக்கிழமை காலையில 18 நிமிஷம் விளையாடிட்டு ரெண்டரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னா எந்தக் குழந்தை கேக்கும்? டிவிதான் ஓடும். அதனால ரெண்டாவது பேட்டரி ஆடம்பரம் இல்ல, வண்டி விலையோட சேர்த்தே அதைப் பட்ஜெட் பண்ணுங்க. லித்தியம் பேட்டரின்னா படுக்கை மேல சார்ஜ் போடாதீங்க, தூங்கப் போகும்போது போட்டுட்டுப் போகாதீங்க, உப்பின பேட்டரியை ஒருநாள் கூட வீட்ல வெச்சிருக்காதீங்க. சார்ஜ் போடறது உங்க வேலை, குழந்தை வேலை இல்ல. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியோட வர்ற வண்டி கிடைச்சா முதல் வருஷத்துக்கு அதுவே போதும். கனம் ஜாஸ்தி, ஓட்டம் கொஞ்சம் மந்தம், ஆனா மனசு நிம்மதி.

இப்ப நம்ம வழக்கமான வில்லன், நோ காஸ்ட் ஈஎம்ஐ. 12,000 ரூபா டிரக், மாசம் 2,000, ஆறு மாசம். "வட்டியே இல்ல சார்." பேங்க் வட்டி போடுது, அந்த அளவுக்கு முன்கூட்டியே தள்ளுபடி காட்டறாங்க, அவ்ளோதான். 15 சதவீதம்னா ஆறு மாச வட்டி சுமார் 508 ரூபா. அது உங்களுக்குத் தள்ளுபடியில கழிஞ்சுடும். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 91 ரூபா உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீ 199-ன்னா, ஜிஎஸ்டியோட 235. மொத்தம் 326 ரூபா. மேல சொன்ன மூணு மாசத்துப் பார்ட்ஸ் செலவு இதுலயே போச்சு. 326 ரூபா பெரிய தொகை இல்லதான். ஆனா பொம்மைக்கு ஈஎம்ஐ போடற நிலையில இருந்தா அந்த விலை உங்க பட்ஜெட்ல இல்லைன்னு அர்த்தம். பிறந்தநாள் எந்த மாசம்னு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும். மாசம் ஆயிரமா எடுத்து வைக்க முடியாத செலவு இல்ல இது.

"குழந்தைக்குன்னு சொல்றேன், ஆனா உண்மையில எனக்குத்தான் வேணும்"னு நினைக்கறவங்களும் இருப்பீங்க. சின்ன வயசுல கிடைக்காதது, இப்ப சம்பாதிக்கறோம், வாங்கிக்கோங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: உங்க செலவுக் கணக்குல எழுதுங்க, குழந்தை கணக்குல எழுதாதீங்க. ஏன்னா இருபதாயிரம் ரூபா டிரக்கை வாங்கிட்டு, "மெதுவா! பார்த்து! உடைச்சுடாதே!"ன்னு கத்திட்டே இருக்கற அப்பா பக்கத்துல நின்னு ஒரு குழந்தை எப்படி விளையாடும்? உடைஞ்சா பரவாயில்லைன்னு உங்களால சிரிச்சுட்டே சொல்ல முடியற விலைதான் உங்க பட்ஜெட்.

கடையிலயோ ஆன்லைன்லயோ பணம் கட்டறதுக்கு முன்னாடி மூணு பாகம் கேளுங்க: ஆக்சில், சர்வோ, பேட்டரி. மூணுக்கும் தனித்தனியா விலை சொல்லி, இந்தியாவுக்குள்ளேயே ஒரு வாரத்துல கிடைக்கும்னா வாங்குங்க. "ஆர்டர் பண்ணா வரும்"னு இழுத்தா வேற கடை. பேட்டரி கனெக்டர், சின்ன மோட்டார், சால்டரிங் சமாச்சாரத்துக்கெல்லாம் சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு. ஆனா அந்த வண்டிக்குன்னே வார்த்த ஆக்சில் அங்க கிடைக்கும்னு நம்பி வாங்காதீங்க.

வாங்கின முதல் வாரமே பெசன்ட் நகர் பீச்சுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. உப்பு மணல் பேரிங்குக்குள்ள போனா துரு பிடிச்சு மாட்டிக்கும். செம்மண், தோட்டம், கட்டட வேலை நடக்கற இடத்துக் குவியல் எல்லாம் நல்லாருக்கும். ஓட்டி முடிச்சதும் பழைய டூத் பிரஷ் ஒண்ணைக் குழந்தை கையில கொடுத்து மண்ணைத் தட்டச் சொல்லுங்க. ஆக்சில் மாத்தறது எப்படின்னு அடுத்த வீடியோவுல காட்டறேன். ஒரு ஸ்குரு டிரைவர், பத்து நிமிஷம், அவ்ளோதான் வேலை.