வீட்டு கேஸ்ல சமரசமா? அந்த ஒரு வரியை விட்டுடாதீங்க!

வீட்டைக் காலி பண்ணச் சொல்லி கேஸ் நடக்குது. நடுவுல ரெண்டு தரப்பும் பேசி, "ஒரு வருஷத்துல காலி பண்றேன்"னு எழுதி கோர்ட்ல கொடுத்துடறாங்க. ஓனருக்கு நிம்மதி. ஆனா அந்தப் பேப்பர்ல காரணம் இல்லைன்னா, அது அரைகுறை சமரசம்தான்னு நான் சொல்வேன்.

ஏன்னா, எந்தெந்தக் காரணத்துக்குக் காலி பண்ணச் சொல்லலாம்னு வாடகைச் சட்டத்துல பட்டியலே இருக்கு. அதுல எதுவுமே பதிவாகாம, வெறும் சம்மதத்தை வச்சுப் போட்ட உத்தரவு செல்லாதுன்னு டெல்லி வழக்குகள்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 1973-ல மெட்ராஸ் வீடு ஒண்ணு பத்தின வழக்குல ஓனர் சொந்தமா குடியிருக்கக் கேட்டார். வாடகைதாரர் எதிர்ப்பை வாபஸ் வாங்கிட்டு டைம் மட்டும் கேட்டார். ஓனரோட தேவையை ஒத்துக்கிட்டதாத்தான் அதுக்கு அர்த்தம், உத்தரவு செல்லும்னு தீர்ப்பாச்சு.

தமிழ்நாட்டுல 2019-ல புது வாடகைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகும் காரணப் பட்டியல் இருக்கு. அதனால ஓனர்களே, காரணத்தையும் வாடகைதாரர் அதை ஒத்துக்கிட்டதையும் எழுதி வாங்குங்க. காலி பண்ற தேதி வரைக்கும் வாங்கற பணம் புது வாடகை ஒப்பந்தம் ஆகாதுன்னும் சேருங்க.

வாடகைதாரர்களே, சிவில் வழக்குல சம்மத டிகிரிக்குப் பொதுவா அப்பீல் கிடையாது. அட்வான்ஸ் திரும்பி வர்ற தேதி பேப்பர்ல இல்லாம கையெழுத்துப் போடாதீங்க. வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டற செலவு, இன்னொரு கேஸ் நடத்தற செலவை விடக் கம்மிதான்.